அறுபத்தொன்றாவது அட்டை

ஈரோடு பெருந்துறை ரோட்டில்
டயர்க் கடைக்கு மேல் மாடி.
நாற்பத்திரண்டு பேர், ஆறு சுற்று.
வென்றால் மூன்று புள்ளி, சமனானால் ஒன்று.
ரப்பர் வாசத்துக்குள் எல்லோரும் அட்டை கலைக்கும் சத்தம்,
பள்ளிபாளையத்துத் தறிகளை யாரோ
துண்டு போட்டு மூடியதுபோல.

நடுவர் சென்னியப்பன் என் பட்டியலை எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.
"அறுபத்தொண்ணு வருதுங்க்கா."
"தெரியுங்."
"கொறஞ்சாத்தான் தப்பு. கூடுனாத் தப்பில்லீங்.
ஆனா ஆருமே கூட்டமாட்டாங்க."

ஆமாம். இந்த ஆட்டத்தில் முதலில் சொல்லித்தருவதே அதுதான்:
அறுபதுக்கு மேல் ஒன்று சேர்த்தால்
உன் நல்ல அட்டை
உன்னைவிட்டு ஒரு அட்டை தள்ளிப் போகிறது.
கணக்கு சரி. நானும் கணக்கில் பிழைப்பவள்தான்,
திருப்பூரில் சாயப்பட்டறை லேபில்:
இத்தனை கிராம் துணிக்கு இத்தனை நீலம், இத்தனை மஞ்சள்,
புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம்.

என் கட்டு, அணைக்கட்டு.
ஊற்று இருபத்தாறு, கரை பன்னிரண்டு, வெள்ளம் நாலு,
மிச்சம் சில்லறை.
எட்டாம் முறைவரை செத்துப்போகாமல் இருக்க வேண்டும்,
பிறகு மதகைத் திறக்க வேண்டும்.
வேறு தந்திரமில்லை.
அறுபத்தொன்றாவது, ஆந்தை.
அது சண்டை போடாது.
கட்டின் மேலட்டையை எடுத்துப் பார்க்க விடும்,
பிடிக்காவிட்டால் அடியில் வைக்க விடும்.
அவ்வளவுதான்.

நாமக்கல் யுகேந்திரனின் எறும்புக் கட்டு
மூன்றே முறையில் இருபது உயிரில் பதினாலைத் தின்றது.
கரைமேல் கரை வைத்துத் தப்பித்தேன், இரண்டுக்கு ஒன்று.
கோபி தார்ணிகாவும் அணை.
இரண்டு அணையும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க
ஐம்பது நிமிடம் தீர்ந்து சமன்.
பவானி அஃப்சல் பேராசையில் ஊற்றைக் குறைத்திருந்தான்;
ஏழு அட்டையை விசிறிபோல் பிடித்துக்கொண்டு
போட ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தான்.
அதை நான் வென்றேன் என்று சொல்லக்கூடாது.
மற்ற இரண்டு ஆட்டமும் ஞாபகமில்லை.
நடுவில் தந்த தக்காளிச் சோறு ஞாபகமிருக்கிறது.

கடைசிச் சுற்று, ஒன்றாம் மேசை.
லோகேஸ்வரி, ஃபார்மசி மூன்றாம் வருஷம், பதினைந்து புள்ளி.
எனக்குப் பதிமூன்று.
அவளுக்குச் சமன் போதும், நேரத்தை இழுத்திருக்கலாம்.
இழுக்கவில்லை.
எறும்பை எறும்பாகவே ஆடினாள்.

ஆளுக்கொன்று ஆகி, மூன்றாம் ஆட்டம், எட்டாம் முறை.
எனக்கு உயிர் மூன்று. ஊற்று எட்டும் விரிந்து கிடக்கிறது.
வெள்ளம் வரோணும்.
எடுத்தேன்.
ஆந்தை.

போட்டேன். மேலட்டையை நுனிதூக்கிப் பார்த்தேன்.
வெள்ளம்.
சூடான டம்ளரை வைப்பதுபோல்
அதை இருந்த இடத்திலேயே வைத்தேன்.
அவள் முறை.
மூன்று எறும்பு.

"அந்த ஆந்த இல்லாட்டி
வெள்ளந்தானுங்க்கா வந்திருக்கும்" என்றான் யுகேந்திரன்,
என் கட்டைப் புரட்டிக்கொண்டே.
வந்திருக்கலாம்.
ஆந்தை இல்லாத கட்டை
என் கை வேறு மாதிரி கலைத்திருக்கும்,
அவள் வேறு இடத்தில் வெட்டியிருப்பாள்,
வெள்ளம் கட்டின் அடியில் தூங்கியிருக்கும்.
சொல்லவில்லை.
தோற்றவள் வாயில் கணக்கும் சாக்குதான்.

மூன்றாம் இடம். நாலு பாக்கெட் அட்டை.
படியிறங்கும்போது லோகேஸ்வரி கேட்டாள்:
"எதுக்குங்க்கா அத வெச்சிருக்கீங்க?"
"படம் நல்லாருக்குமுங்."
பொய்யில்லை.
ஆனால் அந்த மாடியில்
அடுத்தது என்னவென்று தெரிந்து உட்கார்ந்திருந்தது
நான் ஒருத்திதான்.
அவள் எறும்புகளை ஒவ்வொன்றாய்த் திருப்பும்வரைக்கும்
அது எனக்கு மட்டுமாக இருந்தது.

திங்கட்கிழமை. பீக்கரில் நீலம் ஆறுகிறது.
அடுத்த மாதம் குமாரபாளையம்; பட்டியல் எழுதுகிறேன்.
ஆந்தையை அடிக்கப் பேனா போய்,
கரையில் ஒன்றை அடித்தது.
அறுபது.
சித்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அடித்ததற்குப் பக்கத்திலேயே
கரை என்று எழுதினேன்.